வளர்த்த நாயை விளம்பரம் போட்டுக் கொடுக்கலாமா?

பெருமாள்புரத்தைச் சேர்ந்த ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அப்பா காலமாகிவிட்டார். அவர் செல்லமாக வளர்த்த நான்கு வயதுப் பெண் லாப்ரடார் வீட்டில் இருக்கிறது. தனியே இருக்கும் அம்மாவை மகன் பெங்களூருக்கு அழைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அங்கே அவரும் மனைவியும் கைக்குழந்தையும் இருக்கும் சிறிய குடியிருப்பில், பகலில் நாயைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீட்டில், அதை வைத்துக்கொள்ள வழியில்லை. 'நல்ல வீட்டுக்கு இலவசம்' என்று படத்தோடு ஒரு விளம்பரத் தளத்தில் போட்டிருக்கிறார். அன்று இரவே தொலைபேசி ஓயாமல் அடித்திருக்கிறது; கூடவே ஒருவர், வீட்டுப் பிள்ளையை இப்படித் தெருவில் கூவிக் கொடுப்பீர்களா என்று ஏசியும் இருக்கிறார். இப்படிக் கொடுப்பது தவறா, பணம் வாங்கலாமா, கொடுத்த பிறகு போய்ப் பார்க்கலாமா என்று மூன்று கேட்கிறார். மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி, வைத்துக்கொள்ள முடியாமல் போன பிறகும் அந்த நாய்க்கு நான் எதுவரை பொறுப்பு என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. பாளையங்கோட்டையிலும் சுற்று ஊர்களிலும் நெடுங்காலம் கால்நடை மருத்துவம் பார்த்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்கிறேன். சட்டத்தைப் பற்றி நான் சொல்வது ஒரு மருத்துவருக்குத் தெரிந்த அளவே. வழக்கு என்று வந்தால் வழக்கறிஞரைத்தான் கேட்க வேண்டும்.

முதலில், கொடுப்பதே பாவம் என்ற ஏச்சை மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். கொடுக்க மனமில்லாமல், குற்ற உணர்ச்சியினாலேயே நாயை வைத்துக்கொண்டு, மொட்டை மாடியில் தகரக் கொட்டகைக்குக் கீழே சங்கிலியில் கட்டிப்போட்டு, வாரத்துக்கு ஒரு முறை கூட அவிழ்த்துவிடாத வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பங்குனி, சித்திரை வெயிலில் அப்படிக் கட்டிக்கிடந்த லாப்ரடார்களுக்கு வெப்பத்தாக்கு வந்து, தூக்கிக்கொண்டு வருவதற்குள் உயிர் போனதும் உண்டு. வைத்துக்கொள்வது எப்போதும் அன்பு என்றும் கொடுப்பது எப்போதும் கைவிடல் என்றும் சொல்ல முடியாது. கைக்குழந்தை இருப்பதால் மட்டும் கொடுக்க நினைக்கிறவர்களிடம் நான் மறுபடி யோசிக்கச் சொல்வேன். தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் ஒழுங்காகப் போட்ட நாயோடு, பெரியவர்கள் கண்பார்வையில், குழந்தை வளர்வதில் தடையில்லை. குரைக்கிறது, செருப்பைக் கடிக்கிறது என்று கொடுக்க வருகிறவர்களிடமும் அப்படியே. உங்கள் காரணம் அந்த வகையில் சேராது. நாயைப் பார்த்துக்கொண்டவரே போய்விட்டார். பகலில் அதைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. கொடுக்கத்தான் வேண்டும் என்றே நானும் சொல்வேன்.

தவறு நேர்வதற்கு இடம் இருப்பது கொடுக்கும் விதத்தில். வரிவிளம்பரத் தளம் என்பது பழைய கட்டிலையும் ஸ்கூட்டரையும் விற்பதற்காக அமைந்தது. மேலப்பாளையம் செவ்வாய்க்கிழமைச் சந்தையில் வாங்குகிறவர் ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், முதுகைத் தடவிப் பார்ப்பார். விற்கிறவர் வாங்குகிறவரைப் பார்ப்பதில்லை, பணத்தை எண்ணுவதோடு அவர் வேலை முடிந்துவிடும். விளம்பரத் தளமும் அந்த ஏற்பாட்டில்தான் ஓடுகிறது: பொருளின் படம், இடம், தொலைபேசி எண், முதலில் வந்தவருக்கு முன்னுரிமை. வளர்த்த நாயைக் கொடுக்கும்போது இது தலைகீழாக நடக்க வேண்டும். ஆராயப்பட வேண்டியவர் வாங்க வருகிறவர். அவசரப்படாமல் இருக்க வேண்டியவர் நீங்கள். விளம்பரத்தை ஆள் தேடும் வழியாக மட்டும் வைத்துக்கொண்டு, தீர்மானத்தை உங்கள் கையிலேயே வைத்திருந்தால் அதில் அறப்பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை. முதலில் கூப்பிட்டவர், வண்டியோடு வாசலில் வந்து நிற்பவர் என்பதற்காக அன்று மாலையே சங்கிலியை அவர் கையில் கொடுப்பதுதான் பிழை.

யார் கூப்பிடுகிறார்கள் என்பதைச் சொல்லிவிட்டால் இது விளங்கும். உங்களுடையது பெண் நாய், லாப்ரடார், நான்கு வயது, இலவசம். "அண்ணாச்சி, மேட்டிங் ஆயிருக்கா? பேப்பர் இருக்கா? எத்தன ஈத்து போட்டிருக்கு?" என்று பேச்சைத் தொடங்குகிறவர் நாயைத் தேடவில்லை, குட்டிகளைத் தேடுகிறார். லாப்ரடார் பொதுவாக வருடத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். ஒரு ஈத்தில் ஆறு, எட்டுக் குட்டிகள் என்பது சாதாரணம். இலவசமாகக் கிடைத்த பெட்டையை ஒவ்வொரு பருவத்துக்கும் சேர்த்து, குட்டிகளை விற்று, உடல் ஓய்ந்ததும் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அப்படி இறக்கிவிடப்பட்டு, முலைக்காம்புகள் தொங்கி, கர்ப்பப்பையில் சீழ் வைத்த நிலையில் எவரோ இரக்கப்பட்டுத் தூக்கி வந்த சாதி நாய்களுக்கு நான் அறுவை செய்திருக்கிறேன். அவற்றில் எத்தனை விளம்பரம் வழியாகக் கைமாறியவை என்று கணக்குச் சொல்ல எவராலும் முடியாது. நாய்க்குப் பின்னால் வரலாறு வருவதில்லை. ஆனால் ஒரு காலத்தில் ஏதோ ஒரு வீட்டில் பெயர் சொல்லி வளர்க்கப்பட்டவை என்பது அவற்றின் நடத்தையிலேயே தெரியும். 'உட்கார்' என்றால் அந்த நிலையிலும் உட்காரும்.

அடுத்தவர் காவலுக்குத் தேடுகிறவர். தோட்டத்துக்கு, ரைஸ்மில்லுக்கு, செங்கல் சூளைக்கு, கட்டி முடிக்காத வீட்டுக்கு என்று சொல்வார். இவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. பல சமயம் நல்லவர்தான். ஆனால் மனிதர் மடியில் தலை வைத்துத் தூங்கிப் பழகிய லாப்ரடார், திசையன்விளைப் பக்கத்தில் ஒரு விளையில் இரவெல்லாம் தனியே கட்டப்பட்டால் காவலும் காக்காது, சோறும் தின்னாது. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வயல்புறங்களில் கண்ணாடி விரியன் கடித்துக் கொண்டுவரப்படும் நாய்களில் இப்படி ஊர்ப் பழக்கமில்லாத வீட்டு நாய்களும் இருக்கின்றன. மோப்பம் பிடித்து மூக்கை நீட்டுவதுதான் அவற்றுக்குத் தெரியும். மூன்றாவது ஆள் கைமாற்றிவிடுகிறவர்: இங்கே இலவசமாக வாங்கி, நாகர்கோவிலிலோ மதுரையிலோ விலைக்கு விற்பார். இவற்றுக்கு நடுவே, வளர்த்த நாயை இழந்து வீடு வெறிச்சோடிப் போன ஒரு குடும்பமும் கூப்பிடும். ஆச்சி, தாத்தா, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் என்று எப்போதும் ஆளிருக்கும் அந்த வீடுதான் உங்களுக்கு வேண்டியது. நான்கு குரல்களும் தொலைபேசியில் ஒரே மாதிரிதான் இருக்கும் என்பதுதான் சிக்கல்.

நாட்டு நாய் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை இனங்களை விளம்பரத்தில் போட்டால், முயல் வேட்டைக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் கேட்டு ஆள் வரும். களக்காடு, வள்ளியூர்ப் பக்கத்து மலையடிவார ஊர்களில் இது புதிதல்ல. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம் என்பது ஒருபுறம். பன்றியின் கொம்பு கிழித்து நாய் குடல் சரிந்து வருவது மறுபுறம். கரிசல் காட்டு ஊர்களில் கன்னிக் குட்டியைக் காசுக்கு விற்காமல், தெரிந்த குடும்பத்துக்கே கொடுப்பது வழக்கம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வழக்கத்தில் ஒரு நன்மை உண்டு: கொடுத்த குட்டி எப்படி இருக்கிறது என்று கோயில் கொடைக்கும் கல்யாண வீட்டுக்கும் போகும்போது காதில் விழுந்துகொண்டே இருக்கும். விளம்பரத்தில் வருகிற அந்நியரிடம் அந்தக் கண்காணிப்பு இல்லை. அதை நாம்தான் செய்து வைக்க வேண்டும்.

எப்படிச் செய்வது? என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விடப் பயன் தந்தது, கொடுப்பதற்கு முன்பே கருத்தடை அறுவை செய்துவிடுவது. 'கருத்தடை செய்யப்பட்டது' என்று விளம்பரத்தில் ஒரு வரி சேர்த்தாலே குட்டிக்காக வருகிறவர்கள் விலகிவிடுகிறார்கள். பிறகு வருகிற அழைப்புகள் குறைவு, ஆனால் பேசத் தகுந்தவை. ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள், அல்லது நீங்கள் வழக்கமாகக் காட்டும் மருத்துவரிடம் கேளுங்கள். அறுவைக்குப் பின் தையல் ஆறப் பத்து முதல் பதினான்கு நாட்கள் ஆகும். அந்த நாட்களில் நாய் தனக்குத் தெரிந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். பெங்களூர்ப் பயணத்தை அதற்கேற்பத் தள்ளி வைக்க முடியுமானால் வையுங்கள்.

அடுத்தது, வாங்க வருகிறவர் வீட்டை நீங்கள் நேரில் போய்ப் பார்ப்பது. நாயை எங்கே கட்டுவார்கள், எங்கே தூங்கும், பகலில் யார் இருப்பார்கள், சுற்றுச்சுவர் இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு முன் நாய் வளர்த்தார்களா, அது எப்படிப் போனது, எந்த மருத்துவரிடம் காட்டினார்கள் என்று கேளுங்கள். அந்த மருத்துவரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். எங்களிடம் வந்து கேட்பவர்களை நாங்கள் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் சம்மதம் கேட்டாக வேண்டும். அது இல்லாததால் மூன்றாம் மாதமே நாய் மறுபடி விளம்பரத்துக்கு வந்த கதைகள் உண்டு. 'வீட்டுக்கெல்லாம் வர வேண்டாம் சார், பைபாஸில் வைத்து வாங்கிக்கொள்கிறேன்' என்கிறவரிடம் மேலும் பேச வேண்டியதில்லை. இவ்வளவு பார்த்தாலும் ஒரு வீட்டில் நாய் எப்படி நடத்தப்படும் என்று முழு உறுதி கிடைக்காது. மனிதர்களைக் கணிப்பதில் நானும் ஏமாந்திருக்கக் கூடியவனே. நேரில் போவதால் மிக மோசமானவர்கள் தாமாகவே கழிந்துவிடுவார்கள் என்ற அளவுக்கு மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

இதுவரை வாங்குகிறவரை ஆராய்வது பற்றிச் சொன்னேன். கொடுக்கிறவரின் நேர்மை இதைவிடப் பெரிது. நாயின் குறையை மறைத்துக் கொடுப்பது, என் பார்வையில், இந்த விஷயத்தில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. வலிப்பு, இடுப்பு மூட்டுத் தேய்வு, இடிச்சத்தத்துக்கு வெருண்டு ஓடும் பழக்கம், சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுவது எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். எவரையாவது கடித்திருந்தால் அதைச் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. இங்கே வெறும் நாணயம் மட்டும் சம்பந்தப்பட்டிருக்கவில்லை. கடித்த நாயைக் கடித்த நாளிலிருந்து பத்து நாட்கள் கண்காணிப்பது வெறிநோய் மருத்துவத்தின் அடிப்படை. பத்து நாளும் நாய் நலமாக உயிரோடு இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருக்கவில்லை என்று பொருள். பயந்துபோய் மறுநாளே விளம்பரம் போட்டு நாயைக் கைமாற்றிவிட்டால், கடிபட்டவருக்கும் அவருக்கு வைத்தியம் பார்ப்பவருக்கும் அந்தத் தகவல் இல்லாமல் போகிறது. புதிய வீட்டுக்காரருக்கோ தம் வீட்டுக்குள் என்ன வந்திருக்கிறது என்றே தெரியாது. கடிபட்டவர் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்கிவிட வேண்டும், பத்து நாள் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கடிக்கும் நாயை இலவசமாக அந்நியருக்குக் கொடுப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். வலியினால் கடிக்கிறதா, பயத்தினால் கடிக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். காதுப் புண்ணைக் குணமாக்கியதும் சாதுவாகிவிட்ட நாய்கள் உண்டு. எதனாலும் மாறாமல் ஆளைக் கடுமையாகக் காயப்படுத்தும் நாய் என்றால், அதை நன்கு அறிந்த மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். அந்தப் பேச்சில் கருணைக்கொலை என்ற சொல்லும் வரக்கூடும். அது கொடியது என்று தோன்றும். ஆனால் முகம் தெரியாத ஒரு வீட்டின் குழந்தைமேல் அந்த ஆபத்தைத் தள்ளிவிடுவது அதைவிடக் கொடியது. முதுமை எய்திய, மருந்தில் ஓடுகிற நாயைப் பற்றி எனக்கு இவ்வளவு உறுதியில்லை. பத்து, பதினொரு வயதில் வீடு மாறித் தேறிக்கொண்டவற்றையும் பார்த்திருக்கிறேன், ஏங்கிப் படுத்துவிட்டவற்றையும் பார்த்திருக்கிறேன். அவற்றை விளம்பரத்தில் போடாமல், ஏற்கெனவே அவற்றுக்குப் பழக்கமான ஒரு மனிதரிடம் விடுவதே நல்லது.

இனிப் பணம். இலவசம் என்றால் மதிப்பிருக்காது, ஆகவே ஒரு தொகை வாங்குங்கள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இதில் நாம் நினைக்கும் அளவுக்கு உறுதி இல்லை. அமெரிக்கக் காப்பகங்களில் நடந்த ஆய்வுகளில், இலவசமாகப் பெற்றவர்களுக்கும் பணம் கட்டிப் பெற்றவர்களுக்கும் அந்தப் பிராணியிடம் இருந்த பற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆனால் அங்கே காப்பகத்தில் ஆளிருந்து விசாரித்துக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் கருத்தடை செய்தே கொடுக்கிறார்கள். அந்த முடிவை நம் ஊர் வரிவிளம்பரத்துக்கு அப்படியே பொருத்திப் பார்க்க எனக்குத் துணிவில்லை. சிறு தொகை கைமாற்றிவிடுகிறவரை ஓரளவு தடுக்கலாம். குட்டி வியாபாரிக்கு அது முதலீடு, அவரைத் தடுக்காது. நல்ல, ஆனால் வசதி குறைந்த குடும்பத்தை அது விலக்கியும் விடலாம். என் யோசனை, விலை என்று எதுவும் வாங்காமல், வரும் ஆண்டுக்கான தடுப்பூசிச் செலவை அவர்களே உங்கள் முன்னிலையில் மருத்துவரிடம் கட்டட்டும் என்பது. நாயின் பெயரில் அங்கே ஒரு பதிவு உண்டாகிவிடும். ஊசிக்கு மறுபடி வராவிட்டால் கேட்பதற்கு ஓர் இடமும் இருக்கும்.

சட்டம் இதில் எவ்வளவு துணை நிற்கிறது என்றால், கொஞ்சம்தான். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியின் தொடர்ச்சியாக 1960இல் வந்த பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பிராணியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனுக்கு நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்கிறது. தகுந்த காரணமின்றி, பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. இந்தத் தொகை அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மாறாமல் நிற்கிறது என்பதில் எனக்கு ஆறாத வருத்தம். 2017ஆம் ஆண்டு வந்த நாய் வளர்ப்பு மற்றும் விற்பனை விதிகள் இனப்பெருக்கம் செய்து விற்பவர்களைப் பதிவு செய்யச் சொல்கின்றன, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கத் தடை விதிக்கின்றன. ஒரு குடும்பம் தன் நாயை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுப்பதை மனத்தில் வைத்து அவை எழுதப்படவில்லை. பிரிட்டனில் விலங்கு நல அமைப்புகள் சேர்ந்து, விளம்பரத் தளங்கள் பின்பற்ற வேண்டிய குறைந்தபட்ச நெறிகளை வகுத்திருக்கின்றன. இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல், ஆறு மாதத்துக்கு உட்பட்ட நாய்க்குட்டிகளை இடைத்தரகர்கள் வணிகமாக விற்கத் தடையும் இருக்கிறது. அப்படி ஒன்று இங்கே வரும்வரை, தளத்தின் விதியையோ சட்டத்தையோ நம்பி நாயை ஒப்படைக்க முடியாது. ஒரு வெள்ளைத்தாளில் இரு தரப்பும் கையெழுத்திட்டு, பெயர், முகவரி, நாயின் அடையாளம், தடுப்பூசி விவரம், வைத்துக்கொள்ள முடியாவிட்டால் வேறு எவருக்கும் கொடுக்காமல் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்ற உடன்பாடு ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தில் அது எவ்வளவு நிற்கும் என்பது வேறு. கையெழுத்துப் போடத் தயங்குகிறவரை அது அப்போதே காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியாகக் கேட்டது, கொடுத்த பிறகு போய்ப் பார்க்கலாமா, போனால் நாய்க்கு ஏக்கம் கூடிவிடாதா என்பது. இடம் மாறியதும் நாய்க்கு ஏற்படும் பதற்றம் உண்மையானது. காப்பகத்துக்கு வந்த நாய்களின் ரத்தத்தில் பதற்றத்தைக் காட்டும் கார்டிசால் என்ற சுரப்பு முதல் மூன்று நாட்களில் கூடுதலாக இருந்து, பிறகு இறங்கியதை அளந்து காட்டியிருக்கிறார்கள். சோறு தின்னாமல் வாசலையே பார்த்துக் கிடப்பது சில நாட்களில் பெரும்பாலும் மாறிவிடும். ஒரு நாள் முழுவதும் தண்ணீரும் குடிக்காமல் கிடந்தால் உடனே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அப்பா போட்டுத் தூங்கிய துணி ஒன்றையும், அதே தட்டையும், அதே தீவனத்தையும் கூடக் கொடுத்தனுப்புங்கள். பழைய வீட்டார் வந்துபோனால் ஏக்கம் கூடுமா என்பதில் என் சக மருத்துவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. நான் சொல்லி வருவது, முதல் மாதம் வாரம் ஒரு முறை காணொளி மட்டும் கேளுங்கள், அதன் பிறகு ஒரு முறை நேரில் போங்கள் என்பது. நீங்கள் பெங்களூரில் இருப்பீர்கள். ஆகவே பாளையங்கோட்டையில் உங்கள் சித்தப்பாவோ மாமாவோ, நாய்க்குப் பழகிய எதிர்வீட்டு அண்ணாச்சியோ, யாராவது ஒருவரிடம் இப்போதே பேசி வையுங்கள். புதிய வீடு ஒத்துவரவில்லை என்று தொலைபேசி வந்தால், அன்றே போய் நாயைக் கூட்டிவந்து, நீங்கள் வேறு வீடு பார்க்கும் வரை வைத்துக்கொள்ள அவருக்குச் சம்மதமா என்று கேளுங்கள். அப்படி ஒருவர் கிடைக்கும் வரை விளம்பரத்தை எடுத்து வைத்திருங்கள்.